ஹாமக் மூட்டையின் எடை: எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது

முதுகுப்பையில் சுமந்து சென்று மரங்களுக்கிடையே கட்டிப் படுக்கும் ஹாமக், கூடாரத்தைவிட இலகுவானது என்று பலரும் நம்பி வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். பிறகு ஒரு நாள் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பென்சிலால் ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். ஹாமக் 540 கிராம், மரத்தில் கட்டும் பட்டைகள் 310, தார்ப்பாய் 620, உறக்கப்பை 1,150, ஃபோம் பாய் 410, கொசுவலை 400, முளைகளும் இழுகயிறுகளும் 120. மொத்தம் 3,550 கிராம். ஒருவருக்கான இலகுவான கூடாரத்தையும் பாயையும் உறக்கப்பையையும் சேர்த்தால்கூட இதைவிடக் குறைவாகத்தான் வரும்.

இன்று அதே தாளின் மறுபக்கத்தில் உள்ள கூட்டுத்தொகை 1,790 கிராம். ஏறக்குறைய பாதி குறைந்திருக்கிறது. ஆனால் எல்லா வரிகளும் குறையவில்லை. ஒரு வரி மட்டும் 50 கிராம் கூடியிருக்கிறது. அந்த வரியைக் குறைக்க முயன்றபோதுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. ஆகவே இங்கே ஒப்பிடப்போவது தனித்தனிப் பொருள்களை மட்டுமல்ல. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்று எவ்வாறு கூடுகிறது என்பதையும்தான்.

முதலில் துணியை எடுத்துக்கொள்ளலாம். கடைகளில் எளிதில் கிடைக்கும், இருவர் உட்காரக்கூடிய அகலமான ஹாமக், சதுர மீட்டருக்கு 65 கிராம் அளவுள்ள கெட்டி நைலானில் தைக்கப்படுகிறது. ஒருவர் படுப்பதற்கு அவ்வளவு அகலம் தேவையில்லை. 3.35 மீட்டர் நீளமும் 1.47 மீட்டர் அகலமும் உள்ள ஒற்றை ஹாமக்கின் பரப்பு ஏறக்குறைய 4.9 சதுர மீட்டர். அதைச் சதுர மீட்டருக்கு 34 கிராம் உள்ள, கிழிசல் பரவாதபடி நெய்த மெல்லிய ரிப்ஸ்டாப் நைலானில் தைத்தால் துணி மட்டும் 167 கிராம். 54 கிராம் துணியில் தைத்தால் 266 கிராம். இவ்விரண்டுக்கும் இடையேயான நூறு கிராமை விரும்பி விட்டுவிடலாமா என்பது படுப்பவரின் உடல் எடையைப் பொறுத்தது. மெல்லிய துணி அதிகம் நீளும். கனமானவர் படுத்தால் நடுவில் பள்ளம் விழுந்து, கெண்டைக்காலின் கீழே துணி வரம்பு போல எழுந்து அழுத்தும். என்னைப் போல நடுத்தர எடை உள்ளவருக்கு மெல்லியதே போதும்.

நீளத்தைக் குறைப்பதுதான் வீண் சிக்கனம். 30 சென்டிமீட்டரை வெட்டினால் மிச்சமாவது 15 கிராம். இழப்பது, மூலைவிட்டமாகச் சாய்ந்து முதுகு நேராகப் படுக்கும் வசதி. குட்டை ஹாமக்கில் படுத்தவர் வாழைப்பழம்போல வளைந்துதான் விடிய வேண்டும்.

அடுத்தது தொங்கவிடும் அமைப்பு. வரிசையாகக் கண்ணிகள் தைத்த பட்டைகளை எவரும் கற்றுக்கொள்ளாமலே பயன்படுத்தலாம். ஹாமக்கின் முனையிலுள்ள காரபைனர் என்ற கொக்கியை ஒரு கண்ணியில் மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் பயன்படாத கண்ணிகள் அத்தனையையும் சுமக்கிறோம். இதற்கு மாற்றாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழைக் கயிற்றைத் தனக்குள்ளேயே செருகிச் செய்த, நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய வூப்பி சுருக்குக் கயிறு. 2.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கயிறு அறுபட ஏறத்தாழ 700 கிலோ விசை வேண்டும். எடையோ கைக்குட்டை அளவுகூட இராது. அதன் குறை, ஓர் அளவுக்குமேல் அதைச் சுருக்க முடியாது என்பதே. மரங்கள் நெருக்கமாக இருந்தால் ஹாமக் தரையைத் தொடும். மற்றொன்று, நீண்ட மெல்லிய பட்டையை மரத்தில் சுற்றி, ஹாமக்கின் முனையிலுள்ள வளையத்தில் நேரடியாக முடிச்சிட்டுக் கட்டுவது. கொக்கியும் இல்லை, பக்கிளும் இல்லை. நான் இதைத்தான் வைத்திருக்கிறேன். ஜோடி 100 கிராம். மழையில் விரல் விறைத்திருக்கும்போது முடிச்சை அவிழ்ப்பது சற்றே சலிப்பூட்டும், அவ்வளவுதான்.

எந்த அமைப்பைத் தேர்ந்தாலும், பட்டையை விட்டுவிட்டு வெறும் கயிற்றை மரத்தில் கட்டி எடை குறைப்பது கூடாது. அது மரப்பட்டையை அறுத்து உள்ளிருக்கும் உயிர்த்திசுவைச் சிதைக்கும். கோணமும் முக்கியம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், 80 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் 80 கிலோ இழுவிசை விழும். அதையே விறைப்பாக இழுத்து 15 பாகையாக்கினால் ஏறக்குறைய 155 கிலோ. 10 பாகையில் 230 கிலோ. மெல்லிய துணியையும் மெல்லிய கயிற்றையும் வாங்கியவர் இந்தக் கணக்கை மறந்தால், குறைத்த எடைக்கு நடு இரவில் தரையில் விழுந்து விலை கொடுப்பார்.

ஹாமக்கும் பட்டையும் சேர்ந்து 850 கிராமிலிருந்து 280 கிராமாயின. 570 கிராம் மிச்சம். அதுவும் மிகக் குறைந்த செலவில். எடை குறைக்க விரும்புகிறவர் இங்கே தொடங்குவதே முறை.

இனி, சிக்கலான இடத்துக்கு வருவோம். ஹாமக்கில் முதுகுக்குக் கீழே காற்றுதான் இருக்கிறது. உறக்கப்பையின் அடிப்பகுதி உடலின் பாரத்தால் நசுங்கிவிடுவதால் வெப்பத்தைக் காக்காது. பஞ்சோ, பறவையின் மென்னிறகான தூவியோ உப்பியிருந்தால்தான் அதனுள் காற்று சிறைப்பட்டு, சூடு தங்கும். ஆகவே கோடையிலும்கூடப் பின்புறம் சில்லிட்டுப் போவது உண்டு. இதற்கு இரண்டு விடைகள்: உள்ளே விரிக்கும் ஃபோம் பாய், அல்லது ஹாமக்கின் வெளியே அடிப்புறத்தில் தொங்கவிடும் கீழ்ப்போர்வை.

ஃபோம் பாய் மலிவு, நனைந்தாலும் கெடாது, மரம் கிடைக்காத இடத்தில் தரையில் விரிக்கலாம், உட்காரவும் ஆகும். மடித்து வைக்கும் வகை 183 சென்டிமீட்டர் நீளம், 51 சென்டிமீட்டர் அகலம், 410 கிராம். தாளில் பார்த்தால் இதுவே வெற்றி பெற வேண்டும். ஆனால் ஹாமக்கின் துணி தோள்களை இருபுறமும் அணைத்துக்கொள்ளும். 51 சென்டிமீட்டர் பாய் அங்கே எட்டாது. புரண்டால் பாய் நழுவும். நழுவாமலிருக்க இரட்டை அடுக்கு ஹாமக் வேண்டும். அந்த இரண்டாம் அடுக்குக்கு 160 கிராமுக்கு மேல் ஆகும். ஆக, 410 கிராம் பாய் உண்மையில் 570 கிராம் பாய். நல்ல தூவி அடைத்த முழுநீளக் கீழ்ப்போர்வையின் எடையும் ஏறத்தாழ அதுவே. அதன் வெதுவெதுப்போ பல மடங்கு இதம்.

எடையைக் குறைக்கும் வெறியில் நான் ஒருமுறை பாயைத் தோள் முதல் இடுப்பு வரையிலான துண்டாக வெட்டி, 150 கிராமுக்குக் கொண்டுவந்தேன். மலைச்சரிவில் கட்டிப் படுத்த அந்த இரவில், இரண்டு மணிக்கு விழித்தபோது பாய் விலாப்பக்கம் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. முதுகுக்கும் மலைக்காற்றுக்கும் நடுவே ஒரு மெல்லிய நைலான் மட்டுமே. மீதி இரவை மழைச்சட்டையையும் காலியான முதுகுப்பையையும் முதுகுக்கடியில் திணித்துக் கழித்தேன்.

இப்போது என்னிடம் இருப்பது கழுத்திலிருந்து முழங்கால் வரை மறைக்கும் முக்கால் நீளக் கீழ்ப்போர்வை, 400 கிராம்; பாதங்களுக்கடியில் வைக்க 60 கிராம் ஃபோம் துண்டு. மொத்தம் 460. கூடிய 50 கிராம் இதுதான். கீழ்ப்போர்வைக்கும் ஒரு நுணுக்கம் உண்டு: தளர்வாகத் தொங்கினால் இடைவெளியில் குளிர்காற்று நுழையும், இறுக்கிக் கட்டினால் தூவி நசுங்கும். படுத்துக்கொண்டு கையை வெளியே விட்டு அடியில் தடவிப் பார்த்து, துணியோடு துணி தொட்டும் தொடாமலும் இருக்கும்படி சரிசெய்ய இரண்டு மூன்று இரவுகள் பழக வேண்டும். தூவியின் தரத்தையும் கவனிக்க வேண்டும். 850 எண்ணுள்ள தூவி ஓர் அவுன்சுக்கு, அதாவது 28 கிராமுக்கு, 850 கன அங்குலம் உப்பும். அது ஏறக்குறைய 14 லிட்டர். 650 எண்ணுள்ளது 10.6 லிட்டர் மட்டுமே. ஒரே வெப்பத்துக்கு எடை வேறுபடுவது இதனால்தான்.

கீழ்ப்போர்வை வந்துவிட்டால் உறக்கப்பையின் அடிப்பகுதி, ஜிப், தலைமூடி எல்லாம் வெறும் சுமையாகின்றன. அவற்றை நீக்கிய மேல்போர்வை 550 கிராம். பழைய உறக்கப்பையைவிட 600 கிராம் குறைவு. கீழே 50 கிராம் சேர்த்ததால்தான் மேலே 600 கிராமை விட முடிந்தது என்பதைத் தனித்தனியாக எடை பார்ப்பவர்கள் காணத் தவறுகிறார்கள்.

தார்ப்பாயில் போட்டி வடிவத்துக்கும் துணிக்கும் இடையே நடக்கிறது. அறுகோண வடிவம் ஏறக்குறைய 7 சதுர மீட்டர் துணியை எடுத்துக்கொள்ளும், 2.4 மீட்டர் சதுரத்தை மூலைவிட்டமாகக் கட்டினால் 5.8 சதுர மீட்டர் போதும், முளைகளும் இரண்டே. ஐம்பது அறுபது கிராம் குறையும். சாய்ந்து அடிக்கும் மழையில் கால்மாடு நனையும் என்பதால் நான் அறுகோணத்தையே விடவில்லை. துணியில், சிலிக்கான் பூசிய நைலான் ஈரத்தை உறிஞ்சி நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நள்ளிரவில் தொய்ந்து நிற்கும். சிலிக்கான் பூசிய பாலியெஸ்டர் ஏறக்குறைய அதே எடைதான், ஆனால் தொய்வதில்லை. என் 340 கிராம் தார்ப்பாய் அதில் செய்தது. மூன்றாவது, டைனீமா இழைகளைப் படலங்களுக்கிடையே ஒட்டிச் செய்யும் துணி. சதுர மீட்டருக்கு 17 கிராம் வரை மெல்லியதாகக் கிடைக்கிறது, நீரை உறிஞ்சாது, அதே அளவு தார்ப்பாய் 200 கிராமுக்குள் அடங்கும். ஆனால் விலை பல மடங்கு. கிளையில் உராய்ந்தால் எளிதில் தேயும். மடித்தாலும் நைலான்போல ஒடுங்காமல் பையில் இடத்தை அடைக்கும்.

கொசுவலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு ஹாமக்கையும் சுற்றி மூடும் வலைக்குப் பதிலாகத் தலைமுதல் இடுப்புவரை மூடும் 100 கிராம் அரைவலை எனக்குப் போதுமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: கொசு, மெல்லிய ஒற்றைத் துணி வழியாக அடியிலிருந்தும் கடிக்கும். கீழ்ப்போர்வை இருக்குமிடத்தில் கடிக்காது. முக்கால் நீளம் முடியும் இடத்தில், கெண்டைக்காலில் கடிக்கும். அங்கும் அந்தப் பாதத்துண்டை சற்று மேலே இழுத்து வைத்தால் தீர்ந்தது. முளைகளை டைட்டானியத்துக்கு மாற்றி, கயிறுகளைக் கத்தரித்ததில் மேலும் 60 கிராம் போயிற்று.

டைனீமாத் தார்ப்பாய் வாங்கினால் இன்னும் 150 கிராம் இறங்கும். மாதக் கணக்கில் தொடர்ந்து நடப்பவருக்கு அந்த விலை நியாயமாகலாம். ஆண்டில் ஏழெட்டு இரவுகள் மட்டும் மரத்தில் தொங்கும் நான், இப்போதுள்ள பாலியெஸ்டர் கிழியும் வரை அதை வாங்கப் போவதில்லை.