வால்வு ரேடியோ கரகரத்தால்: பழைய கண்ட்ரோலைச் சுத்தம் செய்வதா, புதுசு போடுவதா?

குடியாத்தத்தில் தாத்தாவின் தறிக்கூடத்தில் பாடிக்கொண்டிருந்த வால்வு ரேடியோ, பல வருஷம் பரணில் கிடந்துவிட்டு போன கத்திரி வெயிலில் வேலூர் வீட்டுக்கு வந்தது. நேரடியாகக் கரண்டில் செருகாமல் சீரியஸ் பல்ப் (கரண்ட் மட்டுமீறிப் பாயாமல் தடுக்க வழியில் கோக்கும் குண்டு பல்ப்) போட்டு எழுப்பினேன். 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி வந்துவிட்டது, ஆனால் வால்யூம் குமிழைத் தொட்டாலே கடுகு வெடிக்கிற சத்தம். குமிழுக்குப் பின்னால் இருக்கும் வால்யூம் கண்ட்ரோலைச் சுத்தம் செய்யலாம், இல்லை புதுசு போடலாம்.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, இரண்டுமே மலிவுதான். புதுசு வாங்கினால் 500 கிலோ ஓமோ 1 மெகா ஓமோ, பழையதில் என்ன இருக்கிறதோ அதையே லாக் வகையில் (திருப்பத் திருப்பச் சத்தம் காதுக்குச் சீராக ஏறுவது) கேளுங்கள். இன்னொரு வகையான லீனியர் போட்டால் கால் சுற்றிலேயே தெருவுக்கே கேட்கும்.

லாங்கு பஜார் பக்கம் ஒரு கடைக்காரர், "பழசைப் போய் நோண்டிக்கிட்டு இருக்காதீங்க தம்பி, சுவிட்சோட புதுசு இருக்கு, போட்டு விடுங்க" என்றார். போட்டேன். பழைய குமிழ் கால் அங்குல ஷாஃப்டுக்கு, புதுசு 6 மில்லிமீட்டர். காகிதம் சுற்றிச் சமாளித்தேன். சமாளிக்க முடியாதது பின்னால் இருக்கும் சுவிட்ச்.

என்னுடையது ஏசி/டிசி செட். டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, மெயின்ஸின் ஒரு வயர் நேராக சேசிஸில், அதாவது பாகங்களைத் தாங்கும் தகரச் சட்டத்தில் சேர்கிறது. இரண்டு முனை பிளக்கைத் திருப்பிச் செருகினால் அந்தத் தகரம் முழுக்கக் கரண்ட். ஆஃப் செய்த பிறகாவது ஆளைக் காப்பாற்றத்தான் பழைய கண்ட்ரோலின் முதுகில் நாலு கால் சுவிட்ச், இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் வெட்டும். புதுசில் இரண்டே கால். ஒரு வயரை வெட்டினால் இன்னொன்று வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர் இழைகள் வழியாக சேசிஸுக்கு வந்துகொண்டே இருக்கும், ரேடியோ அணைந்து கிடந்தாலும். ஆஃப் செய்துவிட்டு, குமிழைப் பிடித்திருக்கும் திருகில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. வீட்டில் ஆறு வயசுப் பெண் இருக்கிறாள். அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

அப்புறம் பழையதையே எடுத்தேன். கால்கள் வெளியே வரும் இடுக்கில் காண்டாக்ட் கிளீனர் இரண்டு பீச்சு, முப்பது தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பல், காயவிட்டு இன்னொரு தடவை. பெட்ரோல், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம், எண்ணெய்ப் பசையில் தூசி மறுபடி ஒட்டும். மூடியின் தகர நாக்குகளை நிமிர்த்தித் திறக்கலாம்தான், ஆனால் பழைய தகரம், இரண்டாவது மடக்கில் ஒடியும்.

முக்கால்வாசி கரகரப்பு போனது. மீதிக்குக் காரணம் கண்ட்ரோலே இல்லை. அதன் நடுக்காலிலிருந்து முதல் ஆடியோ வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) போகும் 0.01 மைக்ரோஃபாரட் பேப்பர் கண்டென்சர், டிசியைத் தடுக்க வேண்டியது, அதைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. அங்கே டிசி ஓடினால் எவ்வளவு சுத்தமான கண்ட்ரோலும் சொரசொரக்கும், புதுசும்தான். பாலியெஸ்டர் ஒன்று மாற்றியதும் அடங்கியது. பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கண்டென்சரில் (பவர் பகுதியில் இருக்கும் பெரிய கண்டென்சர்) தேங்கிய கரண்டை டிஸ்சார்ஜ் செய்த பிறகே கையை வையுங்கள்.

நான் சுத்தம் செய்தது இந்த ஒன்றுதான், எட்டு மாதம் ஆகிறது, இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை வருஷம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மல்டிமீட்டரில் நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே வைத்து மெதுவாகத் திருப்பும்போது எங்காவது அறுந்து அறுந்து காட்டினால் உள்ளே இருக்கும் கார்பன் பட்டை தேய்ந்தே போயிருக்கிறது, அதற்குச் சுத்தம் உதவாது. டிரான்ஸ்ஃபார்மர் உள்ள செட் என்றால் 250 வோல்ட் தாங்கும் சுவிட்சோடு புதுசையே போட்டுவிடலாம், நான் பட்ட தொல்லை அங்கே இல்லை. ஏசி/டிசி என்றால் நாலு கால் சுவிட்ச் உள்ளதாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சுவிட்ச் இல்லாத கண்ட்ரோல் போட்டு, இரண்டு வயரையும் வெட்டும் தனி சுவிட்சை மெயின்ஸ் வயரிலேயே வைத்துவிடுங்கள். பெட்டியில் மட்டும் ஓட்டை போடாதீர்கள்.