காந்தம் ஒட்டலைன்னா 304 ஆயிடுமா? சேஸிஸுக்கு எஸ்.எஸ். ட்யூப் வாங்குறவங்க கவனத்துக்கு

ஆர்.சி. கிராலருக்கு (பாறைமேல் ஏறும் ரிமோட் பொம்மை வண்டி) ட்யூப் சேஸிஸ், அதாவது குழாய்க் கூண்டு கட்டுபவர்கள், சென்னை பாரிமுனைப் பக்கம் சில்லறையாக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ட்யூப் எடுக்கப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடை பெயரைப் போடப்போவதில்லை. இந்த ஏமாற்று வேலை ஒரு கடையோடு நிற்பதில்லை என்று என் வெல்டர் சத்தியம் செய்கிறார்.

நான் கேட்டது 6 மி.மீ. வெளிவிட்டம், 1 மி.மீ. கனம், 304 ரக ஸ்டீல், சீம்லெஸ் (நீளவாக்கில் வெல்டிங் கோடே இல்லாத ட்யூப்). அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள 1/10 வண்டிக்கு இது கொஞ்சம் எடை கூடிய சரக்குதான். ஆனால் பாறையில் உருண்டாலும் கூண்டு நசுங்காது. விலை அடிக்கணக்கில் சொன்னார்கள். "304 தானே?" என்று கேட்டதும் கல்லாவில் இருந்தவர் இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ட்யூப் மேல் வைத்தார். "ஒட்டுதா பாருங்க சார். ஒட்டலல்ல? அப்போ 304. டூப்ளிகேட்டுன்னா கப்புனு புடிச்சுக்கும்."

மொத்த ஏமாற்றும் இந்தக் காந்தத்தில்தான் இருக்கிறது. 304 என்றால் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் விலை அதிகம். அதனால் 200 வரிசை ஸ்டீலில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசையும் நைட்ரஜனையும் ஏற்றுகிறார்கள். அவையும் உலோகத்தைக் காந்தம் பிடிக்காத அமைப்பிலேயே நிறுத்திவிடும். ஆக, அந்த வரிசையில் வரும் 202-லும் காந்தம் ஒட்டாது. வேடிக்கை என்னவென்றால், குளிர்நிலையில் இழுத்த அசல் 304 ட்யூபில் காந்தம் லேசாக ஒட்டலாம். கடைக்காரர் கணக்குப்படி அதுதான் டூப்ளிகேட்!

பெண்டரில் (ட்யூப் வளைக்கும் கருவி) போட்டதுமே சந்தேகம் வந்தது. 45 டிகிரிக்கு வளைத்துக் கையை விட்டால் வழக்கத்தைவிட அதிகமாகத் திரும்பி நிமிர்ந்தது. கூண்டின் பின்பக்க வளையமான பின் ஹூப்பை வளைக்கும்போது வளைவின் வெளிப்பக்கம் ட்யூபின் நீளவாக்கில் நேர்கோடாகப் பிளந்தது. சீம்லெஸ் அப்படிப் பிளக்காது. வெட்டிய முனைக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால், உள்சுவரில் மயிரிழை போல வெல்டிங் கோடு. வெளியே பாலிஷ் போட்டு மறைத்திருக்கிறார்கள், உள்ளே மறைக்க முடியவில்லை.

மீதியை ஆர்கான் வெல்டிங்குக்குக் கொண்டுபோனால், முதல் ஜாயின்ட்டிலேயே ஓட்டை விழுந்தது. வெல்டர் அண்ணன் வெல்டிங் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, இது ஒரு எம்.எம். இல்ல, யார் சொன்னா?" என்றார். வெர்னியரில் நான் பார்த்தபோது 1 மி.மீ. காட்டியதே! அவர் முனையை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்தார். கட்டிங் வீல் விட்ட பிசிறு போனதும் அதே வெர்னியர் 0.7 காட்டியது. இதில் ஒரு வியாபாரக் கணக்கும் உண்டு. கிலோவுக்கு விற்றால் கனம் குறைவதில் கடைக்கு லாபமில்லை, அடிக்கு விற்றால் முழுக்க லாபம்.

தெரிந்த ஸ்கிராப் வியாபாரியிடம் சொட்டு மருந்து டெஸ்ட் செய்தோம். ட்யூபில் அந்த டெஸ்ட் திரவம் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொடவைத்தால் போதும், மாங்கனீசு அதிகமுள்ள சரக்கு சிவக்கும். நம்முடையது நன்றாகவே சிவந்தது. அவரிடமிருந்த எக்ஸ்.ஆர்.எஃப். கன்னிலும் (எக்ஸ்ரே விட்டு உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கருவி) காட்டினோம். மாங்கனீசு 9 சதவீதத்துக்கு மேல், நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டி. 202-ல்கூட நிக்கல் 4 சதவீதமாவது இருக்கவேண்டும். பாத்திரத்துக்குப் போகிற ரகம் இது. 304 விலை வாங்கிக்கொண்டு 202-கூடத் தரவில்லை.

திரும்பப் போனேன். "வெட்டின சரக்க எடுக்க மாட்டோம் சார்." பில்லைக் காட்டினால் அதில் வெறும் "எஸ்.எஸ். பைப்". வாங்கும்போதே 304 என்று எழுதச் சொன்னதற்கு, கம்ப்யூட்டரில் அப்படி ஐட்டமே இல்லை என்று மழுப்பியிருந்தார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லியிருக்கிறேன். பில்லில் கிரேடு இல்லாத வழக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று பார்க்கலாம்.

நீங்கள் போனால் பில்லில் "304, சீம்லெஸ்", கனம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை. தராசிலும் பிடித்துவிடலாம்: மி.மீ. கணக்கில், வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, கனத்தால் பெருக்கி, 0.0249-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு இத்தனை கிலோ. 6-க்கு 1 என்றால் மீட்டருக்குச் சுமார் 125 கிராம் நிற்கவேண்டும். எனக்குக் கிடைத்தது 92.

ஏற்கெனவே இந்த மாதிரி சரக்கை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், வளைக்கும்போது சீம் கோடு பக்கவாட்டில் வரும்படி திருப்பி வையுங்கள், பிளவு குறையும். வெல்டிங்கில் ஓட்டை விழுந்தால் சில்வர் பிரேசிங் (ட்யூபை உருக்காமல் வெள்ளி கலந்த ராடை உருக்கி ஒட்டுவது) செய்யலாம். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் இருக்கும் காப்பர் பாஸ்பரஸ் ராடை மட்டும் தொடாதீர்கள். அதிலுள்ள பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்தால் ஜாயின்ட் பொறபொறத்து, ஒரு தட்டில் கையோடு வந்துவிடும்.