படித்துப் பார்த்துப் போடுவதா, போட்டுவிட்டுத் திருத்துவதா?

மருந்தாளுநர்கள் நான்கு பேர் சேர்ந்து எங்கள் துறைக்கென்று பதினாறு பக்க மாத இதழ் ஒன்றைத் தொடங்கி 14 மாதம் ஆகிறது. தொடங்கும்போது தாள், எழுத்துரு, அட்டை, பெயர் என்று எல்லாவற்றையும் மணிக்கணக்கில் பேசினோம். யார் எழுதலாம், எதைப் போடுவது, வாசகர் கடிதங்களை என்ன செய்வது என்பதை மட்டும் போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். முதல் மூன்று இதழ் ஒரு வழியில் போனது. நான்காவது இதழிலிருந்து வேறு வழிக்கு மாறினோம். புதிதாக இதழ் தொடங்க நினைக்கும் சிலர் அண்மையில் இதைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டு வழியிலும் நடந்து பார்த்துவிட்டதால் எழுதுகிறேன். எனக்கு எந்தப் பக்கம் சாய்வு என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். நாள் குறித்து வெளியிடுவதா, விஷயம் சேர்ந்ததும் வெளியிடுவதா என்றால், நாள் குறித்து வெளியிடுங்கள். ஒரு மாதம் கட்டுரை குறைந்தால் பன்னிரண்டு பக்கமாக வரட்டும். யார் எழுதலாம் என்றால், துறையில் இருக்கும் யாரும் எழுதலாம். மருந்து நிறுவனத்தில் வேலை செய்பவரும் எழுதலாம், ஆனால் தனக்கு யாரிடமிருந்து பணம் வருகிறது என்று கட்டுரையின் அடியில் சொல்லிவிட வேண்டும். இது ஒன்றும் புதுமையில்லை. அமெரிக்க மருத்துவ இதழான நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 1984இலேயே இப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது.

உண்மையான சண்டை கடிதங்களில்தான். வந்த கடிதத்தை அப்படியே அச்சிட்டு, தவறு இருந்தால் அடுத்த இதழில் திருத்துவது ஒரு வழி. ஒவ்வொன்றையும் நாமே படித்து, சரிபார்த்து, தேவையானதைக் கேட்டு வாங்கி, அப்புறம் அச்சிடுவது இன்னொரு வழி.

முதல் வழியை நாங்கள் யோசிக்காமல் எடுக்கவில்லை. படிப்பவர்கள் எல்லாரும் துறைக்காரர்கள், தவறு இருந்தால் அவர்களே பிடிப்பார்கள், விவாதமும் சூடாக நடக்கும், ஆசிரியர் குழு தங்களுக்குப் பிடிக்காததை அமுக்குகிறது என்று யாரும் சொல்ல முடியாது என்று நினைத்தோம். பெரிய இடங்களிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. டி.என்.ஏ.வின் அமைப்பைச் சொன்ன 1953ஆம் ஆண்டுக் கட்டுரையை நேச்சர் இதழ் வெளி வல்லுநர் யாருக்கும் அனுப்பாமலே வெளியிட்டது. எல்லாக் கட்டுரைக்கும் வல்லுநர் பரிசீலனை வேண்டும் என்று அது முறையாக வைத்தது 1973இல்தான். அதனால் முன்கூட்டிப் பார்க்காமல் வெளியிடுவது பொறுப்பில்லாத வேலை என்று நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது இதழில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நல்ல அனுபவசாலி. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களிடம் மருந்தைக் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம். நல்ல கடிதம். அந்த மருந்தை வாரத்துக்கு ஒருமுறைதான் எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாவது நின்றுபோகும். இப்படி மாறி எடுத்து இறந்தவர்கள் உண்டு. எங்கள் தொழிலில் இதைத் தெரியாதவர் இருக்க முடியாது. கடிதத்தின் நடுவில் ஒரே ஒரு இடத்தில் 'வாரம்' என்று வர வேண்டியது 'தினம்' என்று வந்துவிட்டது. கைதவறிய பிழை. நாங்கள் நான்கு பேரும் அதைப் படிக்கவில்லை, ஏனென்றால் படிக்க வேண்டாம் என்பதுதானே எங்கள் விதி!

இதழ் போய் மூன்றாம் நாள், மருத்துவமனையில் பணியாற்றும் மூத்தவர் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, பதினொன்றாம் பக்கம், இரண்டாவது பத்தி. உடனே பாருங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

மொத்தம் 240 பிரதி. பட்டியலை நான்காகப் பிரித்து ஆளுக்கு அறுபது பேரிடம் பேசினோம். பெரும்பாலானோர் "பார்த்தேன், அச்சுப்பிழை என்று புரிந்தது" என்றார்கள். ஆனால் ஒரு பயிற்சி நிலையத்தில் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே நேரில் போய்த்தான் சரிசெய்ய முடிந்தது. அப்புறம் திருத்தச் சீட்டு அடித்து ஒவ்வொருவருக்கும் அனுப்பினோம். கடிதம் எழுதியவர் மனம் நொந்துபோனார், அவரிடம் பேச ஒரு மாலை முழுக்கப் போனது. எல்லாம் சேர்த்து ஒன்பது மாலைகள். எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

எங்கள் முடிவை மாற்றியது பராமரிப்பு வேலையின் கணக்குதான். முன்கூட்டிப் படிப்பது அதிக வேலை, போட்டுவிட்டுத் திருத்துவது குறைந்த வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். செய்து பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. முன்கூட்டிப் பார்க்கும் வேலைக்கு நாம் நேரம் குறிக்கலாம். பின்னால் திருத்தும் வேலை நம்மைக் கேட்டுக்கொண்டு வராது. குழந்தைக்குக் காய்ச்சலாக இருக்கும் இரவில் வரும், கடையில் ஆள் இல்லாத நாளில் வரும். வந்தால் அன்றே செய்தாக வேண்டும். மூன்றாவது இதழ் அச்சுக்குப் போகும் முன் இரண்டு மணி நேரம் செலவழித்திருந்தால் அந்த ஒன்பது மாலைகள் மிஞ்சியிருக்கும்.

இப்போது எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிறேன். மாதம் 15ஆம் தேதி வரை கடிதம் வாங்குகிறோம். அப்புறம் இரண்டு மாலைகள் உட்காருகிறோம். பத்து, பன்னிரண்டு கடிதம் இருக்கும். ஒருவர் பொருளுக்காகப் படிப்பார். இன்னொருவர் பொருளைக் கவனிக்கவே மாட்டார், சிவப்புப் பென்சிலை வைத்துக்கொண்டு எண், அளவு, அலகு, எத்தனை வேளை என்பதை மட்டும் வட்டமிட்டு வாய்விட்டு வாசிப்பார். அரை மில்லிகிராமை 0.5 என்று எழுத வேண்டும், முன்னால் இருக்கும் சுழியை விட்டால் புள்ளி கண்ணில் படாமல் 5 ஆகிவிடும். ஐந்தை 5.0 என்று எழுதக்கூடாது, அது 50 ஆகிவிடும். மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும். மருந்துச்சீட்டுக்காக வந்த கட்டுப்பாடுகள்தான் இவை. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் அவற்றுக்கு வைத்த தடைப்பட்டியலிலேயே அந்தச் சுழி விவகாரம் இரண்டும் இருக்கின்றன. சீட்டுக்குப் பொருந்துவது இதழுக்கும் பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்ற ஒரு பிழை தேவைப்பட்டது.

பதினோரு மாதமாக இந்த இரண்டு மாலை என்ற கணக்கு மாறவில்லை. நடுவில் எங்களில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது நான்கு கடிதங்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளினோம். ஒரு வருத்தக் குறிப்பு போட்டோம், யாரும் கோபிக்கவில்லை. பழைய வழியில் அந்த மாதத்தை எப்படி ஓட்டியிருப்போம் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

திருத்தம் என்பது எவ்வளவு மெதுவாகப் போய்ச் சேரும் என்பதற்கு எங்கள் துறையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1980இல் அதே நியூ இங்கிலாந்து ஜர்னலில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. அபின் வகை வலிநிவாரணிகள் பெற்ற 11,882 நோயாளிகளில் நான்கு பேருக்குத்தான் அடிமைப்பழக்கம் வந்ததாகப் பதிவு என்றது. அவர்கள் எல்லாரும் மருத்துவமனையில் படுத்திருந்தவர்கள். வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை எடுப்பவர்களைப் பற்றி அந்தக் கடிதம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இந்த மருந்துகளுக்கு யாரும் எளிதில் அடிமையாக மாட்டார்கள் என்பதற்கு அதையே சான்றாகக் காட்டி எழுதினார்கள். 2017இல் எண்ணிப் பார்த்தபோது 608 இடங்களில் அது மேற்கோளாகியிருந்தது. அதே ஆண்டில்தான் இதழ் அந்தக் கடிதத்தோடு ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. 37 ஆண்டு! இத்தனைக்கும் கடிதத்தில் இருந்த எண்ணில் தவறில்லை. எந்த நோயாளிகள், எவ்வளவு காலம் என்ற இரண்டு தகவல் இல்லாமல் அந்த எண் தனியாக ஊர் சுற்றியது. அதைப் படித்த பிறகு நாங்கள் ஒரு விதி சேர்த்தோம். கடிதத்தில் எண் இருந்தால் யாரிடம், எங்கே, எத்தனை நாள் கவனித்தது என்று சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் கேட்போம். கேட்டும் வராவிட்டால் எண்ணை நீக்கிவிட்டுப் போட அனுமதி கேட்போம்.

முன்கூட்டிப் பார்த்தால் எல்லாம் பிடிபட்டுவிடுமா? பிடிபடாது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த 1998ஆம் ஆண்டுக் கட்டுரை லான்செட் இதழின் பரிசீலனையைத் தாண்டித்தான் வந்தது. அதை முழுதாகத் திரும்பப் பெற 2010 ஆனது. ஆகவே திருத்தப் பெட்டி எங்களுக்கும் இருக்கிறது, ஒவ்வொரு இதழிலும் இரண்டாம் பக்கத்தில் அதே இடத்தில். திருத்தம் இல்லாத மாதம் 'இம்மாதம் திருத்தம் இல்லை' என்று போடுகிறோம்.

இந்த வழியின் உண்மையான குறை வேறு. எழுதியவருக்கு மனவருத்தம் வரும். ஐன்ஸ்டைனுக்கே வந்தது. 1936இல் ஈர்ப்பலைகள் பற்றி அவரும் உதவியாளரும் எழுதிய கட்டுரையை ஃபிசிக்கல் ரிவ்யூ என்ற இயற்பியல் இதழ் ஒரு வல்லுநருக்கு அனுப்பியது. அச்சாகும் முன் வேறு யாருக்கும் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வல்லுநர் சொன்ன குறை சரியானதுதான். முடிவு மாறிய வடிவில் அது மறு ஆண்டு வேறொரு இதழில் வந்தது. இதில் ஐன்ஸ்டைன் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம். படித்துப் பார்ப்போம் என்பதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் இரண்டாம் பக்கத்தில் அது அச்சாகியே இருக்கிறது: இருவர் படிப்போம், கருத்தில் கை வைக்க மாட்டோம், குறைத்தால் உங்களிடம் காட்டிவிட்டுத்தான் போடுவோம், போடாவிட்டால் பத்து நாளில் காரணம் எழுதுவோம். இதில் கடைசி வாக்கியத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம். இதுவரை காப்பாற்றியிருக்கிறோம்.

பெயரோடா, பெயர் இல்லாமலா என்பதில் எனக்கு இவ்வளவு உறுதி இல்லை. பொதுவாகப் பெயரோடு எழுதுவதுதான் நல்லது, பேச்சில் நிதானம் வரும். 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான பி.எம்.ஜே. தன் பரிசீலகர்களையே கையெழுத்திட்டுக் கருத்துச் சொல்லச் சொன்னது. ஆனால் வேலை செய்யும் இடம் அனுமதிக்காதபோது ஒருவர் என்ன செய்வார்? புள்ளியியலில் இன்று எல்லாரும் பயன்படுத்தும் டி-சோதனை 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வந்தது. எழுதிய கோசெட் கின்னஸ் மதுவடிப்பு நிறுவன ஊழியர், சொந்தப் பெயரில் வெளியிட அங்கே அனுமதி இல்லை.

எங்களைப் போன்ற துறையில் இன்னொரு காரணமும் உண்டு. தன் கையால் நடந்த தவறை ஒருவர் எழுத வேண்டும் என்றால் அவருக்குப் பாதுகாப்பு வேண்டும். விமானத்துறையில் 1976 முதல் நாசா நடத்தும் பாதுகாப்பு அறிக்கை முறையில், படிவத்தின் மேல் இருக்கும் பெயர்த்துண்டைக் கிழித்து எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நாங்கள் நடுவழி எடுத்தோம். பெயரும் வேலை செய்யும் இடமும் எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். சொந்தத் தவறை எழுதினால் மட்டும் அச்சில் பெயர் வராது. பிறரைக் குறைசொல்லும் கடிதத்துக்கு இந்தச் சலுகை இல்லை.

இப்படிப் பெயரில்லாமல் வந்தவை இதுவரை ஐந்துதான், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. அதில் ஒன்றில் 'இரவுப்பணி, குழந்தைகள் பிரிவு' என்று இருந்ததை நாங்கள் விட்டுவிட்டோம். படித்த சிலர் எந்த இடம் என்று ஊகித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். இப்போது பணிநேரம், பிரிவு, நோயாளியின் வயது மூன்றையும் எடுத்துவிட்டு எழுதியவரிடம் காட்டுகிறோம். நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலும் எந்தக் கடிதத்திலும் வரக்கூடாது என்பது தனி விதி, அதில் விவாதமே இல்லை.

பிரதி இப்போது 410. மாதம் முப்பது, நாற்பது கடிதம் வர ஆரம்பித்தால் இரண்டு மாலை போதாது. அப்போது கருத்து மட்டும் உள்ள கடிதங்களை ஒருவர் பார்த்தால் போதும், மருந்தளவு உள்ளவற்றை மட்டும் இருவர் பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று செய்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். தனியாளாக இதழ் தொடங்குகிறவர்கள் கடிதப் பகுதியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் சிவப்புப் பென்சில் வேலைக்கு மட்டும் வெளியிலிருந்தாவது ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பொருள் புரிந்து படித்து முடித்தவர் கண்ணுக்குத் 'தினம்' என்பது 'வாரம்' என்றுதான் தெரியும்.