கோதுமைத் துரு நோய்: ஒற்றைப் பெரிய மரபணுவா, சிறு மரபணுக்களின் கூட்டா?

கோதுமையைத் துருப் பூஞ்சையிலிருந்து தனியாகவே காக்கும் பெரிய எதிர்ப்பு மரபணு நாற்றுப் பருவத்திலேயே வேலை செய்யும். பூஞ்சை இலைக்குள் செலுத்தும் ஒரு புரதத்தை அது கண்டுகொண்டதும் அந்த இடத்துச் செல்கள் மடிந்துவிடும். உயிருள்ள செல்லை நம்பிப் பிழைக்கும் துருப் பூஞ்சை அங்கேயே பட்டினி கிடக்கும். வயல் துப்புரவாக இருக்கும், தேர்வும் எளிது. ஆனால் பூஞ்சை அந்த ஒரு புரதத்தை மாற்றிக்கொண்டால் காவல் போயிற்று. கோதுமையின் உறவான ரை என்ற தானியத்திலிருந்து வந்த எஸ்ஆர்31 என்ற பெரிய மரபணு பல நாடுகளில் தண்டுத் துருவை நெடுங்காலம் தடுத்தது. 1998-ல் உகாண்டாவில் எடுத்த யூஜி99 என்ற பூஞ்சை இனம் அதை முறியடித்தது. அதன் வழித்தோன்றல் ஒன்று 2006-ல் கென்யாவில் எஸ்ஆர்24 என்ற இன்னொரு பெரிய மரபணுவையும் தாண்டியது.

சிறு மரபணுவான எல்ஆர்34 வேறு வகை. இது செல் சவ்வு வழியே பொருள்களைக் கடத்தும் ஒரு புரதத்துக்கான மரபணு. இலைத் துரு, மஞ்சள் துரு, தண்டுத் துரு, சாம்பல் நோய் நான்கையும் முழுதாக நிறுத்தாமல் மெதுவாக்கும். இதை வென்ற பூஞ்சை இனம் இதுவரை பதிவாகவில்லை. தனியாக இருந்தால் நோய் அழுத்தம் மிகுந்த வயலில் போதாது. இப்படிப்பட்ட நான்கைந்து மரபணுக்கள் சேரும்போதுதான் நோயே இல்லாதது போன்ற நிலை வரும்.

தேர்வில் சறுக்குவது இங்கேதான். பெரிய மரபணு வேலை செய்யும் வரிசையில் (தேர்வுக்காக வளர்க்கும் ஒரே வம்சச் செடிகளில்) சிறு மரபணுக்கள் இருக்கின்றனவா என்று வயலில் தெரியாது. மேலே இருப்பது கீழே இருப்பதை மறைத்துவிடும். எனவே அந்தப் பெரிய மரபணுவை வெல்லும் இனத்தை வயலில் தூவ வேண்டும், அல்லது டிஎன்ஏ குறியீட்டால் பார்க்க வேண்டும். சிறு மரபணுக்கள் வளர்ந்த செடியில்தான் வேலை காட்டும் என்பதால், நாற்றில் நோய் ஏறி, கதிருக்குக் கீழே கடைசியாக வரும் கண்ணாடி இலைப் பருவத்தில் குறைவாக இருக்கும் வரிசையே நமக்கு வேண்டியது. இலை நுனி காய்வது எல்ஆர்34-க்கு அடையாளம்தான். ஆனால் வெப்பநிலைக்கும் ரகத்துக்கும் ஏற்ப மாறுவதால் அதை மட்டும் நம்பக் கூடாது. நோய் அளவையும் ஒரே நாளில் எடுக்காமல் சில நாள் இடைவெளியில் பலமுறை எடுத்து, நோய் வளர்ச்சி வரைகோட்டின் கீழுள்ள பரப்பை, அதாவது அந்த நாட்கள் முழுதும் சேர்ந்த நோய் அளவை, ஒப்பிட வேண்டும். கடைசி நாளில் மட்டும் பார்த்தால் முதிர்ந்து காய்ந்த இலை கணக்கைக் குழப்பும்.

பெரிய மரபணுக்களையே அடுக்கலாமே என்றால், தனித்தனியாகப் பிரியும் மூன்றும் இரட்டையாக (தாய், தந்தை இரு வழியிலும்) சேர்ந்த செடி, கலப்பின் இரண்டாம் தலைமுறையான எஃப்2-ல் 64-ல் 1. அப்படி ஒன்றாவது கிடைக்க 95 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமானால் சுமார் 190 செடிகள். நான்கு மரபணு என்றால் சுமார் 765. மூன்றில் எதுவுமே விடுபடாத செடிகள் 64-ல் 27 என்பதால், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறையில் இரட்டையானவற்றைப் பொறுக்குவது சிக்கனம். ஐந்து மரபணுக்களை ஒரே இடத்தில் பொருத்திய மரபணு மாற்றக் கோதுமை 2021-ல் வெளியானது. அந்த அடுக்கு ஒரே மரபணு போலச் சேர்ந்தே கடத்தப்படும், பிரிந்து போகாது.

எங்கள் தேர்வு: அடித்தளத்தில் எல்ஆர்34, எஸ்ஆர்2 போன்ற சிறு மரபணுக்கள், மேலே குறைந்தது இரண்டு பெரிய மரபணுக்கள். அந்த இரண்டில் எதையும் இன்னொரு ரகத்தில் தனியாக வெளியிடக் கூடாது. அங்கே பூஞ்சை அதை வென்றுவிட்டால், அடுக்கிலும் ஒரு படி சரிந்துவிடும்.