பேரிங் ஏற்ற: சூடாக்குவதா, பிரஸ்ஸில் அழுத்துவதா?

எக்ஸ்கவேட்டரின் ஃபைனல் டிரைவை (தடத்தைச் சுழற்றும் கியர் தொகுதியை) பிரித்தவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். ஷாஃப்ட்டில் இறுக்கமாக உட்கார வேண்டிய பேரிங்கை எப்படி ஏற்றுவது?

செலவு
சூடாக்க: இண்டக்‌ஷன் ஹீட்டர் (மின்காந்தத்தால் சூடாக்கும் கருவி) விலை அதிகம். அது இல்லையென்றால் எண்ணெய்த் தொட்டியும் தெர்மாமீட்டரும் போதும், ஆனால் எண்ணெய் சுத்தமாக இருக்க வேண்டும்.
பிரஸ்: பெரிய பட்டறைகளில் ஏற்கெனவே இருக்கும். ஷாஃப்ட்டை அங்கே கொண்டுபோகும் செலவுதான்.

பாகத்தின் ஆயுள்
சூடாக்க: 100 மில்லிமீட்டர் துளையுள்ள பேரிங்கை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் விரியும். அந்த இடைவெளியில் உரசாமல், கீறாமல் இறங்கிவிடும். 110 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். 120-ஐத் தாண்ட வேண்டாம். கேஸ் டார்ச்சைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்து எஃகின் கடினம் போய்விடும். சீல் வைத்து கிரீஸ் அடைத்த பேரிங் என்றால் 80 டிகிரியே எல்லை.
பிரஸ்: உள்வளையத்தில் மட்டும் அழுத்த வேண்டும். வெளிவளையத்தில் அழுத்தினால் விசை உருளைகள் வழியாகப் போய் ஓடுபாதையில் தழும்பு விழும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஷாஃப்ட் கீறும்.

எளிமை
சூடாக்க: சில நொடிகள்தான் கிடைக்கும். இறக்கிய பிறகு ஆறும்வரை ஷாஃப்ட்டின் தோள்பட்டையோடு (விட்டம் பெரிதாகும் படியோடு) அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் சுருங்கும்போது விலகி நிற்கும்.
பிரஸ்: அவசரமில்லை. கழற்றவும் அதுவே உதவும்.

பெரிய பேரிங், கியர் என்றால் நான் சூடாக்கத்தான் சொல்வேன். சிறிய பேரிங், சின்ன புஷ்ஷுக்கு (துளைக்குள் இறங்கும் குழாய் போன்ற பாகம்) பிரஸ் சரி. பெரிய புஷ்ஷைத் துளைக்குள் இறக்கும்போது கணக்கு தலைகீழ்: அதை உலர்பனியில் (டிரை ஐஸ்) குளிர்வித்து இறக்குங்கள், தடித்த கையுறையோடு.