நாலு வருஷ ஏப்பம், மூக்குல ஒரு டியூப், 24 மணி நேரம்

இங்க சிங்கப்பூர்ல பாலிகிளினிக்ல குடுத்த ஆசிட் மாத்திரை ஒமிப்ரசோல நாலு வருஷமா முழுங்கிட்டு இருந்தேன், மொதல்ல ஒரு நாளைக்கு ஒண்ணு, அப்புறம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. நெஞ்செரிச்சல் கொஞ்சம் அடங்குச்சு, ஏப்பம் மட்டும் நிக்கவே இல்ல. சாதாரண ஏப்பம்னா விட்டுருவேன், இது ஆபீஸ் மீட்டிங்ல எதிர் சீட்டுக்காரன் தலைய தூக்கிப் பாக்குற ஏப்பம். வீட்ல என் சின்னப் பொண்ணு எண்ணவே ஆரம்பிச்சிட்டா, ராத்திரி சாப்பாடு முடியறதுக்குள்ள "அப்பா, இருபத்தி மூணு"ன்னு கணக்கு சொல்லுவா.

வாய் வழியா கேமரா விட்டு பாக்கற ஸ்கோப் போட்டாங்க, எல்லாம் கிளியர். அப்போ வியாதியே இல்லன்னு நெனச்சேன், அது தப்புக் கணக்கு, வயித்து ஆசிட் மேல ஏறற எதுக்களிப்பு, அதான் ரிஃப்ளக்ஸ், இருக்கறவங்கள்ல பாதிக்கு மேல ஸ்கோப்ல புண்ணு எதுவும் தெரியாதாம். அதனால டாக்டர் அடுத்து எழுதிக் குடுத்தது ரெண்டு டெஸ்ட், உணவுக்குழாய் எப்படி அழுத்துதுன்னு பாக்கற மேனோமெட்ரி ஒண்ணு, ஆசிட், தண்ணி, காத்து எது மேல கீழ போகுதுன்னு பாக்கற 24 மணி நேர பிஹெச் இம்பீடன்ஸ் இன்னொண்ணு. இதப் பத்தி தமிழ்ல யாரும் விவரமா எழுதி நான் பாத்ததில்ல, அதான் இந்த ரிவ்யூ. ஆஸ்பத்திரி பேரு வேணாம், குறையும் சொல்லப் போறேன்ல.

மொதல்ல அந்தக் குறைய சொல்லிடறேன். அப்பாயின்ட்மென்ட் மெசேஜ்ல சாப்பிடாம வரணும்னு மட்டும்தான் இருந்துச்சு, மாத்திரைய ஏழு நாளைக்கு முன்னாடியே நிறுத்தணும்னு ஒரு வார்த்தை இல்ல. மூணு நாள் இருக்கும்போது போன் பண்ணி "மாத்திரை நிறுத்திட்டீங்களா?"ன்னு கேக்கறாங்க, நான் திருதிருன்னு முழிக்கிறேன், அதோட அஞ்சு வாரம் தள்ளிப் போச்சு. மாத்திரை வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போது ஆசிட் எவ்வளவு வருதுன்னு அளந்தா என்ன தெரியும், நியாயம்தான், ஆனா அத முன்னாடியே சொல்லணும்ல. ஏற்கனவே ரிஃப்ளக்ஸ்னு உறுதியான ஆளுங்களுக்கு சில சமயம் மாத்திரையோடயே எடுப்பாங்களாம், அதனால நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, கேட்டுக்கோங்க.

டெஸ்ட் அன்னிக்கு அங்க வேலைல இருந்த தங்கச்சி நம்ம ஆளு, "அண்ணே, ஒரு ரெண்டு நிமிஷம் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்"னு உள்ளத சொல்லிட்டா. மூக்குல மரத்துப்போற ஜெல் தடவி டியூப விட்டாங்க, கையில தண்ணி கிளாஸ், ஸ்ட்ரால உறிஞ்சிக்கிட்டே "முழுங்குங்க முழுங்குங்க"ன்னு ஒரே சத்தம். கண்ணுல தண்ணி தாரை தாரையா வந்துச்சு, ஒரு தடவ ஓங்கரிச்சேன், அவ்வளவுதான். அப்புறம் படுக்க வச்சு சிரிஞ்சுல 5 மில்லி தண்ணி, ஒரே முழுங்கு, இப்படி பத்து தடவ. நடுவுல அரை நிமிஷம் போல எச்சில் முழுங்கக் கூடாது. கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், முழுங்காதன்னு சொன்ன உடனேதான் வாய் பூரா ஊறும். ஸ்க்ரீன்ல ஒவ்வொரு முழுங்குக்கும் நீலம் பச்சை மஞ்சள் சிவப்புன்னு ஒரு பட்டை சாய்வா எறங்குது, உணவுக்குழாய் எந்த எடத்துல எவ்வளவு பலமா அழுத்துதுன்னு காட்டற படம் அது. உணவுக்குழாய் அசைவுக் கோளாறுகள வகை பிரிக்கற சிகாகோ வகைப்பாடு, 2021-ல வந்த அதோட நாலாவது பதிப்ப வச்சுத்தான் இத படிக்கறாங்க. கீழ்முனை வால்வு எங்க இருக்குன்னும் இதுலயே தெரிஞ்சுரும், அடுத்த டியூபோட ஆசிட் சென்சார் அந்த வால்வுக்கு சரியா 5 செ.மீ. மேல உக்காரணும்.

அடுத்த டியூப் இன்னும் மெலிசு. கன்னத்துல டேப், காதுக்குப் பின்னாடி டேப், இடுப்புல ஒரு பெட்டி. சாப்பிட்டா ஒரு பட்டன், படுத்தா ஒரு பட்டன், எரிஞ்சாலோ ஏப்பம் வந்தாலோ ஒரு பட்டன். எம்ஆர்டி ரயில்ல எதிர்ல உக்காந்த ஸ்கூல் பையன் இறங்கற வரைக்கும் என் மூக்கையே பாத்துட்டு இருந்தான்.

சில பேரு பயந்துக்கிட்டு அன்னிக்கு பூரா கஞ்சி மட்டும் குடிப்பாங்க, அப்படி பண்ணா டெஸ்ட் எடுத்ததே வேஸ்ட், வழக்கமா சாப்பிடறத சாப்பிடணும். நான் நேரா புளோக்குக்கு கீழ இருக்கற காப்பிக்கடைக்குப் போய் ரெண்டு பிராட்டா, மீன் கறி, ஒரு தே தாரேக். முழுங்கும்போது தொண்டைல முடி சிக்கின மாதிரி இருந்துச்சு, ஆனா இறங்கிடுச்சு. குளிக்க முடியாது, நம்ம ஊரு புழுக்கத்துல சாயங்காலத்துக்குள்ள கன்னத்து டேப் பிச்சுக்கிச்சு. அவங்க எக்ஸ்ட்ரா டேப் குடுக்கல, இது ரெண்டாவது குறை. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்காரி பிளாஸ்டர வெட்டி ஒட்டி விட்டா.

ரிசல்ட்டுக்கு இன்னொரு ஆறு வாரம். ஆனா குடுத்த காசுக்கு பலன் கெடச்சது ரிசல்ட் வந்த அந்த நாள்தான். 24 மணி நேரத்துல பிஹெச் 4-க்கு கீழ போன நேரம், அதாவது உணவுக்குழாய்ல ஆசிட் இருந்த நேரம், எனக்கு 1.9 சதவீதம். ரிஃப்ளக்ஸ் இருக்கான்னு முடிவு பண்ண டாக்டர்கள் சேந்து ஒத்துக்கிட்ட லியோன் ஒருமித்த கருத்துன்னு ஒண்ணு இருக்கு, அந்த நேரம் 4 சதவீதத்துக்கு கீழன்னா நார்மல், 6 சதவீதத்துக்கு மேலன்னா நிச்சயம் ரிஃப்ளக்ஸ், நடுவுல இருந்தா வேற ஆதாரமும் பாக்கணும். ஆசிட் எவ்வளவு வந்துச்சுன்னு ஒரே எண்ணுல சொல்ற, 1974-லேர்ந்து இருக்கற டிமீஸ்டர் ஸ்கோரும் ரிப்போர்ட்ல இருந்துச்சு, அது 14.7-க்கு மேல போனாதான் பிரச்சினை, நான் பக்கத்துலயே போகல. அப்ப நாலு வருஷமா எதுக்கு மாத்திரைன்னு கேட்டேன், டாக்டர் பதில் சொல்லாம ஸ்க்ரீன என் பக்கம் திருப்பினார்.

அங்க ஆறு இம்பீடன்ஸ் கோடு, ஒண்ணுக்கு கீழ ஒண்ணு, மேல்கோடு தொண்டைப் பக்கம், கீழ்க்கோடு வயித்துப் பக்கம். தண்ணி போனா கோடு எறங்கும், காத்து போனா ஏறும். வயித்துலேர்ந்து வர்ற ஏப்பம்னா ஏத்தம் கீழ்க்கோட்டுல ஆரம்பிச்சு மேல வரும். என்னோடது மேல்கோட்டுல ஆரம்பிச்சு கீழ போகுது, வயித்துக்குள்ள போகாமலே ஒரு செகண்டுக்குள்ள திரும்பி மேல வருது. நானே காத்த உறிஞ்சி நானே வெளிய விடறேன், எனக்கே தெரியாம! பக்கம் பக்கமா அதேதான். வயித்துல காஸ்னு நான் இஞ்சி, ஓமம், சீரகத் தண்ணின்னு குடிச்சதெல்லாம் வயித்துக்கு, பிரச்சினை இருந்தது அதுக்கு மேல.

இது ஒரு பழக்கம் மாதிரி, மாத்திரைக்கு அடங்காது, ஒமிப்ரசோல் வயித்துல ஆசிட் ஊறறத குறைக்கும், காத்த என்ன பண்ணும். மூச்சுப் பயிற்சிக்கு அனுப்பினாங்க. வாய லேசா திறந்து, நாக்கு நுனிய மேல்பல்லுக்குப் பின்னாடி வச்சு, வயித்துல ஒரு கை, நெஞ்சுல ஒரு கை, வயித்துக் கை மட்டும்தான் அசையணும். இதுக்கெல்லாமா ஸ்பெஷலிஸ்ட்னு தோணுச்சு, தேடிப் பாத்தா நம்ம சிங்கப்பூர்லயே செஞ்ச ஆய்வு 2018-ல வந்திருக்கு, மாத்திரைக்கு கேக்காத ஏப்பக்காரங்க 15 பேருக்கு இந்தப் பயிற்சி குடுத்ததுல 9 பேருக்கு ஏப்பத் தொல்லை பாதியாவது குறைஞ்சிருக்கு, பயிற்சி இல்லாம காத்திருந்த குரூப்ல அப்படி யாருமே இல்ல. சின்ன ஆய்வுதான், ஆனா மூச்சு விடறதுக்கு சைட் எஃபெக்ட் என்ன இருக்கப் போகுது. ரெண்டு மாசம் ஆச்சு, என் பொண்ணுக்கு எண்றது போரடிச்சு விட்டுட்டா. மாத்திரைய டாக்டர் சொன்னபடி படிப்படியா குறைச்சிட்டேன், கறி ஜாஸ்தியான அன்னிக்கு மட்டும் ஒரு மூடி காவிஸ்கான், அது நெஞ்செரிச்சல் மருந்து.

டியூப் வேணாம், உள்ள ஒட்டற வயர்லெஸ் கேப்சூல் போடுங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன், 96 மணி நேரம் வரைக்கும் கூட பதிவு பண்ணும், மூக்குல ஒண்ணும் தொங்காது. ஆனா அது ஆசிட் மட்டும்தான் பாக்கும், காத்து போறது வர்றது தெரியாது, என் கேஸ்ல "நார்மல், வீட்டுக்குப் போங்க"ன்னு சொல்லியிருக்கும்.

டெஸ்ட்டுக்கு அஞ்சுக்கு அஞ்சு, அந்த தங்கச்சிக்கும் அஞ்சு, மெசேஜ் அனுப்பற கவுண்டருக்கு ரெண்டு. பாலிகிளினிக் ரெஃபரலோட போங்க, மானிய ரேட்டுக்கும் பிரைவேட் ரேட்டுக்கும் நல்ல வித்தியாசம். அப்புறம் ஒரு ரோல் டேப் நீங்களே வாங்கிட்டுப் போயிடுங்க, முன்னாடி பட்டன் வச்ச சட்டையா போடுங்க, நான் டி-ஷர்ட்ல போய் மறுநாள் காலைல வரைக்கும் அதையே போட்டுட்டுக் கிடந்தேன்.