பரனால் தரவும் பச்சை மதிப்பெண்ணும்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாலை மழையும் இரவு மேகமும் ஓயாததால், எங்கள் பள்ளியின் சிறு தொலைநோக்கி அலமாரியில் உறங்கும் நாட்களே மிகுதி. ஆகவே ஆறாம் படிவ இயற்பியல் மாணவர் ஐவருடன், ஐரோப்பியத் தென் வானாய்வகம் இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்துள்ள அறிவியல் தரவுக் காப்பகத்தை ஐந்து மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரப் பரனால் மலையில் நிற்கும் நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளின் பதிவுகள் அதில் உள்ளன. அவற்றைக் கோரிப் பெற்ற ஆய்வாளருக்கு வழக்கமாக ஓராண்டு தனியுரிமை உண்டு. அதன்பின் எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

அழகிய படங்கள் வேண்டுவோர் இவ்வளவு தூரம் வரவேண்டியதில்லை. எங்களை இங்கே நிறுத்தி வைத்தவை தரச்சோதனைப் பதிவுகள். வெளிச்சமே படாமல், சுழிய நேரத்தில் எடுக்கும் பதிவு, ஒளியைப் பதியும் உணரியின் அடிப்படை அளவையும் இரைச்சலையும் காட்டும். சீரான விளக்கொளியில் எடுப்பது தூசியையும் புள்ளிக்குப் புள்ளி மாறும் உணர்திறனையும் காட்டும். கணினி நிரல்கள் இவற்றிலிருந்து எண்களைப் பிரித்தெடுத்து, முன்பே வகுத்த வரம்புகளோடு ஒப்பிட்டு, பச்சை அல்லது சிவப்பு மதிப்பெண் இட்டு, காலவரைபடத்தில் சேர்க்கின்றன. சிவப்பு விழுந்தால் வல்லுநர் பார்க்கிறார்.

செம்பனை ஆலையில் குலைகளைத் தரம் பிரிப்பவரின் மகன் ஒருவன் எங்கள் குழுவில் இருக்கிறான். "வரம்பை வகுத்தது யார், சார்?" என்று அவன் கேட்டதுதான் இந்த ஐந்து மாதங்களின் மிகச் சிறந்த கேள்வி. கருவியின் பழைய நடத்தையிலிருந்தே வரம்பு பிறக்கிறது. அதனால் புதிய விளக்கு மாட்டிய அன்று, பழுது ஏதுமின்றியே சிவப்பு விழக்கூடும். ஒரு விளக்கு மெல்ல மெல்ல மங்கினாலோ நெடுநாள் பச்சையே தொடரக்கூடும். ஒற்றை மதிப்பெண்ணை நம்பாமல் பல மாத வரைபடத்தைப் படிக்கவேண்டியது இதனால்தான்.

பிழை ஒன்றை நாங்களே செய்தோம். கருவியைச் சரிபார்க்கும் இத்தகைய பதிவுகள், அதாவது அளவுத்திருத்தங்கள், யாவும் பச்சையாக இருந்ததால் ஒரு விண்மீன் மண்டலத்தின் பதிவை இறக்கினோம். படமோ பனிமூட்டத்தில் பார்த்த தெருவிளக்குபோல் பரவிக் கிடந்தது. பச்சை என்பது கருவியின் உடல்நலம் மட்டுமே, அன்றைய வளிமண்டலக் கொந்தளிப்பு அதில் சேராது. அதைக் கோப்பின் தலைப்புப் பகுதியில் உள்ள எண்களில் தேடவேண்டும். வேண்டிய வானிலை அமைந்ததா என்று இரவில் பணியாற்றும் வானியலாளர் இடும் ஏ முதல் டி வரையிலான தரக்குறியும் தனியானது.

காப்பகத்தில் ஆங்கிலச் சுருக்கக் குறிகள் நிறைந்திருப்பதால், உடன் அமர்ந்து விளக்க ஓர் ஆசிரியர் இல்லாமல் கீழ்ப்படிவ மாணவரிடம் இதைத் தரமாட்டேன். அத்தொலைநோக்கிகளில் பொருத்திய மியூஸ் கருவியின், படத்தோடு ஒவ்வொரு புள்ளியின் நிறமாலையும் அடங்கிய முப்பரிமாணக் கோப்பு ஒன்றே பல கிகாபைட். எங்கள் வீட்டு இணைப்பில் இருமுறை பாதியிலேயே அறுந்தது. அங்குள்ள மற்றொரு கருவியான ஃபோர்ஸ்2-இன் ஒற்றைப் படங்களோடு தொடங்கினால் பள்ளி மடிக்கணினியே தாங்கும்.